பத்தாவது நிமிடம்

சுவர்க் கடிகாரம் கண்ணில் படுகிற மாதிரி நின்றுகொள்ளுங்கள். இரண்டு கை விரல்களையும் மடக்கி, முஷ்டிகளைக் கன்னத்துக்கு நேரே தூக்குங்கள். இப்போது வெறும் காற்றைக் குத்துங்கள். இடது, வலது, இடது, வலது. எதிரே தம்பியோ தங்கையோ நிற்கவில்லை என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். நிறுத்தாமல் 3 நிமிடம் குத்த வேண்டும்.

முதல் அரை நிமிடம் விளையாட்டாக இருக்கும். ஒரு நிமிடம் ஆனதும் தோள்பட்டை கனக்கும். இரண்டாவது நிமிடத்தில், நீங்கள் கேட்காமலேயே முஷ்டி கன்னத்தை விட்டு நெஞ்சுக்கு இறங்கிவிடும். மூன்றாவது நிமிடம் முடியும்போது பாதிப் பேர் கட்டிலில் உட்கார்ந்திருப்பீர்கள்.

காற்று திருப்பி அடிக்காது. அதற்கே இந்தப் பாடு!

குத்துச்சண்டையில் இந்த 3 நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று பெயர். 1970களில் ஒலிம்பிக் போன்ற அமெச்சூர் போட்டிகளில் 3 சுற்றுகள். அதாவது 9 நிமிடச் சண்டை. பணத்துக்காக ஆடும் தொழில்முறைக் குத்துச்சண்டையில், உலகப் பட்டத்துக்கான சண்டை என்றால் அப்போது 15 சுற்றுகள். அதாவது 45 நிமிடம். இரண்டிலும் சுற்றுக்குச் சுற்று நடுவே ஒரு நிமிடம் ஓய்வு.

அந்த 9 நிமிட உலகத்தில் ஒருவர் ராஜாவாக இருந்தார். 45 நிமிட உலகத்துக்குள் அவர் காலே வைக்கவில்லை. வைத்திருந்தால் ஜெயித்திருப்பாரா? 50 வருடமாக உலகம் முழுக்கக் குத்துச்சண்டை ரசிகர்கள் மல்லுக்கட்டுகிற கேள்வி இது. நாம் மல்லுக்கட்ட வேண்டாம். அறிவியல் இந்தக் கேள்வியை எப்படி அணுகும் என்று பார்ப்போம்.

யார் அந்த ராஜா?

தியோபிலோ ஸ்டீவன்சன். கியூபா நாட்டின் புவேர்ட்டோ பாத்ரே என்ற ஊரில் 1952-இல் பிறந்தவர். உயரம் ஏறக்குறைய 196 செ.மீ. உங்கள் வீட்டு வாசல் நிலையில் அவர் தலை இடிக்காமல் நுழைவது கஷ்டம்தான்.

1972 மியூனிக், 1976 மாண்ட்ரியல், 1980 மாஸ்கோ என்று அடுத்தடுத்து 3 ஒலிம்பிக்கிலும் ஹெவிவெயிட் என்ற அதிக எடைப் பிரிவில் தங்கம். 1974, 1978, 1986 ஆகிய ஆண்டுகளில் அமெச்சூர் உலகச் சாம்பியன். முதல் 2 ஒலிம்பிக்கிலும் அவர் மேடை ஏறிய சண்டைகள் 7. ஏழிலும் எதிராளி ஒருவர்கூட முழு 9 நிமிடம் தாக்குப்பிடிக்கவில்லை. மியூனிக் இறுதிப் போட்டிக்கு வரவேண்டிய ருமேனிய வீரர் கைக்காயத்தால் வரவே இல்லை.

‘அமெச்சூர்’ என்றால் கற்றுக்குட்டி என்று சிலர் நினைக்கிறார்கள். தவறு. ‘விரும்பிச் செய்பவர்’ என்பதுதான் அந்தச் சொல்லின் வேர்ப்பொருள். கியூபாவில் புரட்சி அரசு 1960களின் தொடக்கத்தில் தொழில்முறை விளையாட்டைத் தடை செய்துவிட்டது. ஆனால் வீரர்களுக்கு முழுநேரப் பயிற்சி கொடுத்தது. ஆகவே ஸ்டீவன்சனுக்கு இல்லாமல் போனது திறமையோ பயிற்சியோ அல்ல. அந்தக் கூடுதல் 36 நிமிடங்கள்தான்.

பெரிய கேள்வியைச் சின்னச் சின்னக் கேள்விகளாக உடைப்பது அறிவியலின் முதல் வேலை. மூன்றாக உடைப்போமா? அவர் குத்து போதுமா? அவரை நெருங்கி அடிப்பவர்களைச் சமாளிப்பாரா? பத்தாவது நிமிடத்தில் என்ன ஆவார்?

கேள்வி 1: குத்து போதுமா?

ஒரு சின்னச் சோதனை. கால் தரையில் படாத உயரமான இடத்தில் உட்கார்ந்து, அண்ணன் பிடித்திருக்கும் தலையணையைக் குத்துங்கள். பிறகு தரையில் காலை ஊன்றி நின்று, இடுப்பைத் திருப்பிக் குத்துங்கள். எந்தக் குத்து பலம் என்று அண்ணனைக் கேளுங்கள்.

குத்து கையில் பிறப்பதில்லை, பாதத்தில் பிறக்கிறது. பின்னங்கால் தரையைத் தள்ளும். தரை திருப்பித் தள்ளும். அந்த விசை முழங்கால், இடுப்பு, தோள் என்று ஏறிக் கடைசியில் முஷ்டிக்கு வரும். சாட்டையின் பிடியில் கொடுக்கிற சின்ன அசைவு நுனியில் சீறிக்கொண்டு போவதில்லையா, அதே மாதிரி.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ஃபிராங்க் புரூனோ என்ற பிரிட்டிஷ் தொழில்முறை ஹெவிவெயிட் வீரரை வைத்து ஒரு சோதனை நடந்தது. 1985-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அதன் முடிவு வந்தது. அவருடைய முஷ்டி நொடிக்கு 8.9 மீட்டர் வேகத்தில் வந்து மோதியது. சைக்கிளை வெறிகொண்டு மிதித்தால் வருகிற வேகம். விசை 4096 நியூட்டன். 400 கிலோவுக்கு மேற்பட்ட எடை அழுத்துவதற்குச் சமம். அந்த உச்சத்தை எட்ட ஆன நேரம் 14 மில்லிநொடி. நீங்கள் ஒரு தடவை கண் சிமிட்டுவதற்குள் இது பல தடவை நடந்து முடிந்துவிடும்.

ஸ்டீவன்சனின் வலது கையை யாரும் இப்படி அளந்து எழுதிவைக்கவில்லை. ஆனால் அந்தக் கையை வாங்கியவர்கள் இருக்கிறார்கள். 1976 ஒலிம்பிக் அரையிறுதியில் அமெரிக்காவின் ஜான் டேட்டை முதல் சுற்றிலேயே அவர் வீழ்த்தினார். அதே டேட் மூன்றே ஆண்டுகளில், 1979-இல், தொழில்முறை உலகச் சாம்பியன் ஆனார். 1975 பான் அமெரிக்கப் போட்டி இறுதியில் ஸ்டீவன்சனிடம் தோற்ற மைக்கேல் டோக்ஸ் 1982-இல் தொழில்முறை உலகச் சாம்பியன்.

‘அப்படியானால் சாம்பியன்களையே அடித்தவர் சாம்பியன் ஆகியிருப்பார்தானே?’

அவசரப்படாதீர்கள். கல், காகிதம், கத்தரி விளையாடுவீர்களே, நினைத்துப்பாருங்கள். காகிதம் கல்லை வெல்லும், கல் கத்தரியை வெல்லும். அதனால் காகிதம் கத்தரியை வென்றுவிடுமா? 1971-இல் ஜோ ஃபிரேசியர் முகமது அலியை வென்றார். 1973-இல் ஜார்ஜ் ஃபோர்மேன் ஃபிரேசியரை இரண்டே சுற்றில் சாய்த்தார். 1974-இல் அலி ஃபோர்மேனைச் சாய்த்தார். சுற்றிச் சுற்றி வருகிறது பாருங்கள்! ஒருவரை வென்றவர் அவர் வென்றவர்களை எல்லாம் வெல்வார் என்ற கணக்கு எண்களுக்குச் சரி, மனிதர்களுக்கு எடுபடாது.

ஆனாலும் முதல் கேள்விக்கு ஒரு டிக் போடலாம். குத்து போதும்.

கேள்வி 2: நெருங்கி வந்தால்?

30 செ.மீ. அளவுகோல் ஒன்றை எடுங்கள். தோழி அதை மேல்முனையில் பிடித்துத் தொங்கவிடட்டும். கீழ்முனையில், பூஜ்யத்துக்கு நேராக, உங்கள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தொடாமல் வைத்திருங்கள். தோழி சொல்லாமல் விடும்போது பிடியுங்கள். எத்தனை செ.மீ.யில் பிடித்தீர்கள்?

20 செ.மீ. என்றால், கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, விரல் அசைய 0.2 நொடி ஆகியிருக்கிறது. பலருக்கும் அதை ஒட்டித்தான் வரும். கை நீளத்துக்குப் பாய்ந்து வரும் நல்ல குத்துக்கு 0.15 நொடிகூட வேண்டாம். கணக்கு இடிக்கிறதல்லவா? குத்து கிளம்பிய பிறகு பார்த்துத் தப்ப நேரம் இல்லை. எதிராளியின் தோள் அசைவு, கால் வைப்பு இவற்றை வைத்து முன்கூட்டியே ஊகிக்க வேண்டும்.

இங்கேதான் நீளக் கை உதவுகிறது. ஸ்டீவன்சன் இடது கையை நீட்டி எதிராளியைத் தூரத்திலேயே நிறுத்திவைப்பார். அவரைத் தொட வேண்டும் என்றால் எதிராளி ஒரு அடி முன்னே வந்தாக வேண்டும். அந்த ஒரு அடி, ஸ்டீவன்சனின் கண்ணுக்குக் கிடைக்கிற கூடுதல் நேரம். வந்தவுடன் வலது கை இறங்கும்.

ஆனால் அந்த அடியைத் தாண்டி உள்ளே நுழைந்துவிட்டால்? விமானம் மேலெழும்ப ஓடுபாதை வேண்டும். குத்துக்கும் அப்படித்தான். 60 செ.மீ. ஓடுபாதை 15 செ.மீ. ஆகச் சுருங்கினால், அதே முடுக்கத்தில் வரும் முஷ்டியின் வேகம் பாதியாகிவிடும். அதன் ஆற்றலோ கால் பங்குதான். நீளக் கைக்காரர் மார்போடு ஒட்டி நிற்பவரிடம் பலம் இழப்பது இதனால்தான்.

சோவியத் நாட்டின் இகோர் விசோட்ஸ்கி இதைச் செய்தார். ஸ்டீவன்சனைவிட உயரம் குறைந்தவர். பின்வாங்காமல் உள்ளே புகுந்து அடிப்பவர். 1973-இலும் 1976-இலும் ஸ்டீவன்சனை இரண்டு முறை தோற்கடித்தார். இரண்டாவது முறை நாக் அவுட். 1970களின் தொழில்முறை ஹெவிவெயிட்டில் ஃபிரேசியர் மாதிரி உள்ளே புகுந்து அடிப்பவர்கள் இருந்தார்கள்.

இதற்கு எதிர்ச்சான்றும் உண்டு. 1971 பான் அமெரிக்கப் போட்டியில் அமெரிக்காவின் டுவேன் போபிக் ஸ்டீவன்சனை வென்றார். அடுத்த ஆண்டே மியூனிக்கில் இருவரும் மறுபடி மோதினார்கள். மூன்றாவது சுற்றில் போபிக்கால் சண்டையைத் தொடர முடியவில்லை. ஒரு வருடத்தில் திருத்திக்கொள்ளத் தெரிந்தவர் ஸ்டீவன்சன்.

இரண்டாவது கேள்விக்கு அரை டிக்.

கேள்வி 3: பத்தாவது நிமிடம்

தசை சுருங்குவதற்கு ஏடிபி என்ற வேதிப்பொருள் செலவாகிறது. அதைத் தசையின் பணம் என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பணம் மூன்று இடங்களிலிருந்து வருகிறது.

முதலாவது சட்டைப்பை. தசைக்குள் ஏற்கெனவே இருக்கிற ஏடிபியும், உடனே ஏடிபி ஆக்கித் தருகிற கிரியேட்டின் பாஸ்பேட்டும். கை விட்டால் பணம். ஆனால் முழு வேகத்தில் செலவழித்தால் 10 நொடிக்குள் காலி.

இரண்டாவது உண்டியல். தசை சேர்த்துவைத்த சர்க்கரையை ஆக்சிஜன் இல்லாமலே உடைத்துப் பணமாக்குவது. இதுவும் வேகம்தான். ஆனால் ஒன்றிரண்டு நிமிடங்களில் தசைக்குள் அமிலத்தன்மை கூடிக் கை கனக்கத் தொடங்கும். காற்றைக் குத்தும்போது உங்கள் தோளில் தெரிந்தது இந்தக் கனம்தான்.

மூன்றாவது வங்கி. மூச்சில் வருகிற ஆக்சிஜனை வைத்துச் சர்க்கரையையும் கொழுப்பையும் எரிப்பது. பணம் மெதுவாக வரும், வரிசையில் நிற்க வேண்டும். ஆனால் மணிக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும்.

9 நிமிடச் சண்டையிலும் வங்கிக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனாலும் ‘சண்டை சீக்கிரம் முடிந்துவிடும்’ என்று தெரிந்தால் சட்டைப்பையையும் உண்டியலையும் தாராளமாகச் செலவழிக்கலாம். ஒரு நிமிட ஓய்வில் சட்டைப்பையின் பெரும்பகுதி நிரம்பும். முழுதாக நிரம்புவதற்குள் மணி அடித்துவிடும். இந்தச் சின்னக் குறை 3 சுற்றில் தெரியாது. 15 சுற்றில், சுற்றுக்குச் சுற்று கூடிக்கொண்டே போகும். அதோடு வயிற்றிலும் விலாவிலும் வாங்குகிற குத்துகள் மூச்சையும் பிடிக்கும். மூச்சு பிடித்தால் வங்கிக்குப் பூட்டு!

ஸ்டீவன்சனிடம் தோற்றுப் பிறகு உலகச் சாம்பியன் ஆனாரே ஜான் டேட், அவருடைய பட்டம் எப்படிப் போனது தெரியுமா? 1980 மார்ச் மாதம், மைக் வீவரோடு சண்டை. டேட் புள்ளிகளில் முன்னே இருந்தார். கடைசி, 15-வது சுற்று. இன்னும் முக்கால் நிமிடம் நின்றால் போதும், பட்டம் அவருக்கே. அப்போது வீவரின் இடது கை வந்து விழுந்தது. டேட் முகம் குப்புற விழுந்தார். 44 நிமிடம் கட்டிய வீடு கடைசி நிமிடத்தில் சரிந்தது. அமெச்சூர் போட்டியில் இப்படி ஒரு நிமிடமே கிடையாது.

சோதனைக்கூடத்தில் ஸ்டீவன்சனை நிறுத்தி 45 நிமிடம் சண்டை போடச் சொல்ல முடியாது. அவர் 2012-இல் தனது 60-வது வயதில் காலமாகிவிட்டார். இப்படிப்பட்ட இடங்களில் அறிவியல் அறிஞர்கள் ‘இயற்கையே செய்துவைத்த சோதனை ஏதாவது இருக்கிறதா?’ என்று தேடுவார்கள். அதாவது, ஏறக்குறைய இதே நிலையில் இருந்த வேறு ஒருவர்.

இரண்டு பேர் கிடைக்கிறார்கள்.

ஒருவர் ஜார்ஜ் ஃபோர்மேன். 1968 மெக்சிகோ ஒலிம்பிக் தங்கம். ஸ்டீவன்சன் மாதிரியே உயரம், அதே மாதிரி இடிக்குத்து. தொழில்முறைக்கு வந்த பிறகும் பெரும்பாலான சண்டைகளைச் சில நிமிடங்களில் முடித்தார். 1974 அக்டோபர் 30 அன்று, ஆப்பிரிக்காவின் கின்ஷாசா நகரத்துப் புழுக்கத்தில், அலி அவரை எதிர்கொண்டார். அலி கயிற்றில் சாய்ந்து கைகளால் முகத்தை மூடிக்கொண்டு, ‘அடி, அடி’ என்று விட்டுவிட்டார். ஃபோர்மேன் சட்டைப்பையையும் உண்டியலையும் அங்கேயே கொட்டித் தீர்த்தார். எட்டாவது சுற்றில் அவர் கை கனத்துத் தாழ்ந்தது. அலியின் குத்தில் விழுந்தார்.

‘ஆ, அப்படியானால் ஸ்டீவன்சனும் விழுந்திருப்பார்!’

கதை முடியவில்லை. இருபது வருடம் கழித்து, 1994-இல், 45 வயது ஃபோர்மேன் மறுபடியும் உலகப் பட்டத்துக்கு இறங்கினார். இம்முறை அவசரம் இல்லை. வங்கி வரிசையில் பொறுமையாக நின்றார். புள்ளிகளில் பின்தங்கியும் பதறவில்லை. பத்தாவது சுற்றில் வலது கைக் குத்தில் மைக்கேல் மூரரை வீழ்த்திப் பட்டத்தை எடுத்துக்கொண்டார். நீடித்து நிற்பது பிறவியிலேயே வருகிற வரம் அல்ல, கற்றுக்கொள்ளலாம் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

இன்னொருவர் ஹங்கேரியின் லாஸ்லோ பாப். ஸ்டீவன்சனுக்கு முன்பே 3 ஒலிம்பிக் தங்கம் (1948, 1952, 1956) வென்ற முதல் குத்துச்சண்டை வீரர். அவர் நாடும் கியூபா போலவே கம்யூனிஸ்ட் நாடு. ஆனால் அவருக்கு மட்டும் தொழில்முறைக்குப் போக அனுமதி கிடைத்தது. முப்பது வயதைத் தாண்டித்தான் போனார். 29 சண்டை, 27 வெற்றி, 2 சமன், தோல்வி பூஜ்யம். ஐரோப்பியச் சாம்பியனும் ஆனார். உலகப் பட்டத்துக்கு மோதும் முன் அரசு அனுமதியைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

தோற்றவர்களையும் எண்ண வேண்டும்

ஜெயித்தவர்களை மட்டும் எண்ணினால் விடை நமக்குப் பிடித்த பக்கம் சாயும். பரீட்சையில் முதல் மதிப்பெண் வாங்கியவர்களை மட்டும் கேட்டுவிட்டு, ‘கேள்வித்தாள் சுலபம்’ என்று எழுதினால் எப்படி?

2000 சிட்னி ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஆட்லி ஹாரிசன் தொழில்முறையில் உலகச் சாம்பியன் ஆகவில்லை. ஸ்டீவன்சனை ஒருமுறை வென்ற போபிக், தொழில்முறையில் தொடர்ந்து 38 சண்டைகள் ஜெயித்தார். பிறகு 1977-இல் கென் நார்ட்டனிடம் 58 நொடியில் வீழ்ந்தார். 2 ஒலிம்பிக் தங்கம் வென்ற உக்ரைன் வீரர் வசில் லோமச்சென்கோ 2014-இல் தன் இரண்டாவது தொழில்முறைச் சண்டையிலேயே உலகப் பட்டத்துக்கு மோதினார். அனுபவசாலியான ஒர்லாண்டோ சலிடோ நெருங்கி நெருங்கி உடம்பில் குத்தி அவரைத் தோற்கடித்தார். ஆனால் அடுத்த சண்டையிலேயே, அதே ஆண்டில், லோமச்சென்கோ உலகச் சாம்பியன். 2 ஒலிம்பிக் தங்கம் வென்று, பிறகு கியூபாவைவிட்டு வெளியேறிய கியேர்மோ ரிகோண்டோவும் உலகச் சாம்பியன் ஆனார்.

இந்த வரிசையைப் பார்த்தால் ஒன்று புரிகிறது. 9 நிமிடத்தில் வல்லவராக இருப்பது 45 நிமிடத்துக்கு உத்தரவாதம் இல்லை. தடையும் இல்லை. எது தீர்மானிக்கிறது? கற்றுக்கொள்ளக் கிடைக்கிற காலமும், கற்றுக்கொள்ளும் மனமும்.

என் ஊகம்

1972-இல் ஸ்டீவன்சனுக்கு வயது 20. மாண்ட்ரியலில் தங்கம் வாங்கும்போது 24. குத்து இருந்தது. தோல்வியிலிருந்து திருத்திக்கொள்ளும் பழக்கம் இருந்தது. உடனே அலியோடு மோதியிருந்தால், கின்ஷாசாவில் ஃபோர்மேனுக்கு நடந்தது அவருக்கும் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். முதலில் 6 சுற்று, பிறகு 8, பிறகு 10 என்று இரண்டு வருடம் படிப்படியாக ஏறி வந்திருந்தால் உலகச் சாம்பியன் ஆகியிருப்பார் என்பது என் ஊகம்.

ஊகம் சொல்பவர், எது கிடைத்தால் மாற்றிக்கொள்வார் என்பதையும் சொல்ல வேண்டும். அதுதான் அறிவியல் ஒழுக்கம். நாளைக்கு யாராவது ஒரு பழைய பெட்டியைத் திறந்து, ஸ்டீவன்சன் தொடர்ந்து 10 சுற்று பயிற்சிச் சண்டை போடுகிற படச்சுருளைக் கொண்டுவரட்டும். ஐந்தாவது சுற்றிலேயே அவர் கை கன்னத்தை விட்டு இறங்கியிருந்தால், என் ஊகத்தை அன்றே அழித்துவிடுவேன்.

அவருக்கு வாய்ப்பு வராமல் இல்லை. பெரிய பணத்தோடு அமெரிக்க ஏற்பாட்டாளர்கள் தேடி வந்தார்கள். கியூப மக்களின் அன்புக்கு முன்னால் அந்தப் பணம் எம்மாத்திரம் என்று சொல்லி மறுத்துவிட்டார். அலியோடு மோதவைக்கப் பேச்சு நடந்தது, சண்டை நடக்கவில்லை. 1990களில் அலி கியூபாவுக்குப் போனபோது இருவரும் நண்பர்களாகச் சந்தித்துக்கொண்டார்கள். 2022-இல்தான் கியூபா தன் வீரர்களைத் தொழில்முறைச் சண்டைக்கு அனுப்பத் தொடங்கியது. ஸ்டீவன்சனுக்கு அது மிகத் தாமதம்.

அந்தக் கூடுதல் நிமிடங்களுக்கு ஒரு விலையும் உண்டு. 1982-இல் கொரிய வீரர் கிம் டுக் கூ ஒரு பட்டச் சண்டையின் 14-வது சுற்றில் விழுந்து, சில நாளில் மூளைக்காயத்தால் இறந்தார். அதன் பிறகுதான் பட்டச் சண்டைகள் 15 சுற்றிலிருந்து 12-ஆகக் குறைந்தன. மண்டையோட்டுக்குள் மூளை திரவத்தில் மிதக்கிறது. தலை சட்டென்று திரும்பும்போது அது உள்ளே குலுங்குகிறது. கையுறை முஷ்டியைக் காப்பாற்றுகிற அளவுக்கு மூளையைக் காப்பாற்றாது. அதனால் காற்றையும் தலையணையையும் தவிர நீங்கள் எதையும் குத்த வேண்டாம்.

இப்போது மறுபடி கடிகாரத்துக்கு முன்னால் வாருங்கள். ஒரு நோட்டில் இன்றைய தேதி போட்டு, எத்தனையாவது நொடியில் உங்கள் முஷ்டி கன்னத்தை விட்டு இறங்கியது என்று எழுதுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு மாதம். கடைசியில் எண்களைக் கோடாக வரைந்து பாருங்கள். கோடு ஏறுகிறதா, அப்படியே நிற்கிறதா?

ஸ்டீவன்சனின் பத்தாவது நிமிடத்தை இனி யாராலும் அளக்க முடியாது. உங்கள் நான்காவது நிமிடத்தை நீங்களே அளக்கலாம்.